சீரோடு வந்த பாதிவாலன்

ஜன்னல் ஓரமா உட்காருங்க அக்கா. கேமரா வெச்சிருக்கீங்க, நீங்கதான் அங்கே உட்காரணும். நான் மாசம் தவறாமல் இந்தக் காட்டைத் தாண்டறவள், எனக்கு எதுக்கு ஜன்னல். குட்டி, அதைத் தொடாதே கண்ணு. பயப்படாதீங்க அக்கா, உடைக்க மாட்டாள், எச்சில் மட்டும்தான் பண்ணுவாள்.

செக்போஸ்ட்டில் ஃபாரஸ்ட்காரங்க ஏறிப் பிளாஸ்டிக் இருக்குதான்னு பையைப் பார்ப்பாங்க. அந்தத் தண்ணி பாட்டிலை என் பையில் போடுங்க. கைக்குழந்தைக்காரி பையை யாரும் துழாவ மாட்டாங்க, அதுக்குள்ளே என்ன இருக்குமோன்னு அவங்களுக்கே பயம்.

மிருகம் பார்க்க வந்தீங்களா? தாராளமாப் பார்க்கலாம். கருங்கானம் தேசியப் பூங்கான்னா சும்மாவா. யானை இருக்குது, காட்டுமாடு இருக்குது, செந்நாய், கருமந்தி, மலையணில், கொடுத்து வெச்சிருந்தால் புலியும். நான் பேசிக்கிட்டே இருப்பேன், நீங்க பாட்டுக்கு வெளியே பாருங்க. குரங்கை மட்டும் பார்க்காதீங்க. ஒரு கூட்டம், ஒரே ஒரு கூட்டம்னு நினைக்காதீங்க, ரெண்டு கூட்டம் குரங்கு சேர்ந்து என் தம்பி கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது.

சொல்றேன் இருங்க. வண்டி கிளம்பட்டும்.

இந்தக் காடு முதலில் ஜமீனுக்குச் சொந்தம். ஜமீன்தார் வேட்டையாடினார். அப்புறம் துரை வந்தார், இருந்த மரத்தை வெட்டிட்டுத் தேக்கு நட்டார், நடுக்காட்டில் ஒரு பங்களா கட்டினார், அவரும் வேட்டையாடினார். எல்லாரும் சுட்டு அலுத்துப்போன பிறகு, இனிமேல் யாரும் சுடக்கூடாதுன்னு போர்டு வெச்சாங்க. அதுதான் தேசியப் பூங்கா. பங்களாவில் துரை புலி மேல காலை வெச்சு நிற்கிற போட்டோ இன்னமும் மாட்டியிருக்குது. அதுக்குக் கீழே 'வன உயிர்களை நேசிப்போம்'னு எழுதியிருப்பாங்க. எழுத்து ரொம்ப லட்சணமா இருக்கும், போனால் பாருங்க.

காட்டுக்கு இந்தப் பக்கம் தொட்டிக்கல்பாளையம், நான் வாழ்க்கைப்பட்ட ஊர். அந்தப் பக்கம் கூகைப்பட்டி, நான் பிறந்த ஊர். நடுவில் இருக்கிறது பூரா இந்தக் காடுதான். பெண் கொடுக்கிறது எடுக்கிறது எல்லாம் எங்களுக்குக் காட்டைத் தாண்டித்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு பக்கமும் கேட்டைப் பூட்டிடுவாங்க, விடிஞ்சுதான் திறப்பாங்க. அதனால ஊர் உலகத்துக்கெல்லாம் கல்யாணப் பொருத்தம் பத்துன்னா, எங்களுக்குப் பதினொண்ணு. ஜோசியர் குறிச்ச நேரமும் ஃபாரஸ்ட் கேட் நேரமும் பொருந்தணும்.

எனக்கு ஒரே தம்பி, லோகநாதன். தக்காளி போடறான். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே தங்கச்சி, பிரவீணா. அவளை லோகுவுக்கு எடுக்கலாம்னு பேச்சு. அவளுக்கு இஷ்டம், அவனுக்கு அதைவிட இஷ்டம், எனக்கு அதையும்விட. ஏன்னா பாருங்க, நாத்தனார் என் அம்மா வீட்டுக்கு மருமகளாப் போயிட்டால் இங்கே என்னை யார் ஒரு சொல் சொல்ல முடியும்? அங்கே அவளுக்கு அதே சொல் விழும்ல. நான் எல்லார் நல்லதுக்கும்தான் யோசிப்பேன். ஆனால் பேச்சு முறிஞ்சதுன்னா நடுவில் நிற்கிறவள் நான். ரெண்டு வீட்டுக் கதவும் என் முகத்தில்தான் சாத்தும்.

அங்கே, அங்கே பாருங்க. போயிடுச்சு. செந்நாய் அக்கா. மூணு நாலு சேர்ந்து குறுக்கே போச்சு. பரவாயில்லை, இன்னும் எவ்வளவோ இருக்குது.

பேச்சு நடக்கிற அந்தக் கோடையில்தான் எங்க தொட்டிக்கல்பாளையத்துக்குக் குரங்கு வந்தது. காட்டுக் குரங்கு இல்லைங்க. காட்டுக் குரங்குக்குக் குழாயைத் திறக்கத் தெரியுமா? யாரோ அவங்க ஊரில் பிடிச்சு, வண்டியில் போட்டு, எங்க எல்லையில் இறக்கி விட்டுட்டுப் போயிருக்காங்க. எப்படிக்கா மனசு வருது? தன் ஊர் நல்லா இருக்கணும்னு அடுத்த ஊர் தலையில் கொண்டு போய்க் கொட்டறதா? அப்படிப்பட்ட ஆளுங்க நல்லா இருப்பாங்களா?

அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் ஒருத்தன், பாதிவாலன். கம்பியில் மாட்டியோ சண்டையிலோ வால் பாதி போயிருந்தது. இருக்கிற பாதியே எங்களுக்கு அதிகம். தூக்குப்போசி மூடியைத் திருகித் திறப்பான். தொட்டிக் குழாயைத் திறந்து தண்ணி குடிச்சுட்டு மூடாமல் போவான். சரி, அது எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். கோயிலில் மணி அடிச்சால் முதல் ஆளாப் பொங்கலுக்கு வந்து உட்காருவான். ஒருநாள் பிரவீணா தலைக்குக் குளிச்சுட்டு முடி காய வெச்சுக்கிட்டு இருந்தாள். பக்கத்தில் வெச்ச பச்சை ஹேர்பேண்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கிட்டுப் போயிட்டான். அதோடயே திரிஞ்சான், தாலி கட்டினவன் மாதிரி.

எங்க அத்தை, அதாவது மாமியார், அன்னைக்கே சொல்லிட்டாங்க. "இந்தச் சனியனோட நான் படற பாடு போதும். குரங்கு இருக்கிற ஊருக்கு எம் பொண்ணைக் குடுக்கமாட்டேன். உங்க ஊர்ல இருக்குதா இல்லையா, அதை மொதல்ல சொல்லு."

"எங்க ஊர்லயா? குரங்கா? நாங்க படத்துலதான் பார்த்திருக்கோம் அத்தை"ன்னேன்.

அது உண்மைதாங்க, அப்போ.

எங்க அம்மா அங்கே இருந்து போன் போட்டாங்க. "அங்க ஏதோ குரங்குத் தொல்லைன்னு பேசிக்கறாங்களே? அடுப்படிச் சோத்தைக் குரங்கு தொட்ட வீட்டுல பொண்ணு எடுக்கக்கூடாது சாமி."

"அப்படி எந்தச் சாத்திரத்துலம்மா இருக்குது?"

"எதுல இருந்தா என்ன, நான் சொல்றேன்ல."

"இங்க ஒரு குரங்கும் இல்லம்மா. யாரோ பொறாமையில சொல்றாங்க"ன்னேன். போனில் பேசிக்கிட்டு இருக்கும்போதே பாதிவாலன் என் பருப்பு டப்பாவோட ஓட்டு மேல உட்கார்ந்திருந்தான். நான் சமையற்கட்டுக் கதவைச் சாத்திட்டேன், சத்தம் கேட்கக்கூடாதுன்னு.

ஆவணியில் பெண் பார்க்க வர்றாங்கன்னு முடிவாச்சு. எனக்குச் சோறு இறங்கலை. எங்க வீட்டுக்காரர் "விடு, வந்தா வரட்டும்"னார். குரங்கு வரட்டும்ங்கறாரா எங்க அம்மா வரட்டும்ங்கறாரான்னு தெரியலை, ரெண்டையும் அவர் ஒரே குரலில்தான் சொல்வார். அப்போதான் யாரோ மாசிலாமணி அண்ணனைப் பத்திச் சொன்னாங்க.

தங்கமான மனுசர் அக்கா. ஒரு பழைய டெம்போ, ஒரு பெரிய கூண்டு, ஒரு தார்ப்பாய். கூண்டுக்குள்ளே கடலையைத் தூவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்து பீடி குடிப்பார். அவ்வளவுதான் வேலை. "அடிக்கமாட்டேன், பட்டினி போடமாட்டேன் அம்மிணி. நடுக்காட்டுல, ஓடைக்குப் பக்கத்துல, பழ மரம் இருக்கிற எடமாப் பார்த்து எறக்கி விட்டுருவேன். அதுங்க பாட்டுக்குப் பொழைச்சுக்கும்"னார். கேட்கவே கண்ணில் தண்ணி வந்தது. வாயில்லாச் சீவனுக்கு நல்லது பண்றோம்ங்கற நிம்மதி.

குரங்கைப் பிடிக்கிறதுக்குச் சட்டம் இருக்குதாமே. இந்தப் பக்கத்துக் காவலர்கிட்டக் கேட்டேன். "பிடிச்சது எனக்குத் தெரியாது. என் எல்லைக்குள்ள விட்டீங்கன்னா தெரிஞ்சுரும்"னார். அந்தப் பக்கத்துக் காவலரும் பிற்பாடு அதையேதான் சொன்னார். ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சு, அவ்வளவு ஒழுங்கான டிபார்ட்மெண்ட்.

எங்க ஆளுங்க பெண் பார்க்க வந்த அன்னைக்கு ஊரில் ஒரு குரங்கு இல்லை. ஓடு சுத்தம், குழாய் சுத்தம். அம்மா வாசலில் நின்னு கூரையெல்லாம் நோட்டம் விட்டாங்க. கேசரி சாப்பிட்டாங்க, பெண்ணைப் பிடிச்சிருக்குதுன்னாங்க. பிரவீணாவை ஏற்கெனவே ஆயிரம் தடவை பார்த்தவங்கதான், அன்னைக்குத்தான் பிடிச்சதாம்.

அடுத்தது நாங்க கூகைப்பட்டிக்கு வீடு பார்க்கப் போகணும். நாள் குறிச்சாச்சு. அந்த வாரம் அம்மா போன்.

"கோகிலா, இங்க ஒரு கூட்டம் எறங்கியிருக்குது சாமி. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. தக்காளிக் காட்டுல ஒரு பழம் மிச்சமில்ல. லோகு கவண்கல்லோட காவல் இருக்கறான்."

எனக்குத் தலை சுத்திப் போச்சு. பாருங்க அக்கா, இந்தப் பக்கம் ஒரு கூட்டத்தை ஒழிச்சால் அந்தப் பக்கம் வேற கூட்டம். அதுக்கும் தலைவன் வால் அறுந்தவனாம். குரங்குகளில் அது ஒரு சாதி போல இருக்குது. லோகு போட்டோ எடுத்துப் பிரவீணாவுக்கு அனுப்பினான். அது கழுத்திலும் பச்சை ஹேர்பேண்ட். அவள் என்கிட்ட ஓடி வந்தாள்.

"அண்ணி, இது என்னோடது."

"உன்னோடது மாதிரி. சந்தையில ஒரே கம்பெனிக்காரன் லட்சம் பேண்ட் போட்டு விக்கறான்"னேன்.

போட்டோவையே பார்த்துட்டு இருந்தாள். கல்யாணப் பொண்ணு, லோகு எடுத்த போட்டோன்னு பார்த்திருப்பாள்.

நீங்களும் அதே குரங்கான்னு கேக்கறீங்களே. அதெப்படிக்கா? நடுவில் இவ்வளவு பெரிய காடு இருக்குது. புலி இருக்குது, செந்நாய் இருக்குது. அத்தனையும் தாண்டி, வழி கேட்டு, எங்க அம்மா வீட்டுக்கே வந்து சேருமா? அதுவும் இல்லாமல், கூகைப்பட்டிக் குரங்கு வேற தினுசு. எங்க ஊரில் பிறந்த எதுக்கும் ஒரு மரியாதை இருக்கும். கேட்டால்தான் எடுக்கும்னு சொல்ல வரலை. ஆனால் எடுத்துட்டு ஒரு பார்வை பார்க்கும், அதில் ஒரு வெட்கம் இருக்கும். தொட்டிக்கல்பாளையத்துக் குரங்கு முறைக்கும். ஊர் வாகு அப்படி. இதை எங்க அத்தைகிட்டச் சொல்லிடாதீங்க.

லோகுவும் மாசிலாமணி அண்ணனையே கூப்பிட்டான். நல்ல ஆள்னு நான்தான் நம்பர் குடுத்தேன். அவர் கூண்டைப் பார்த்துட்டு, "இது ரொம்ப விவரமான கூட்டம் அம்மிணி, கூண்டைப் பார்த்ததும் தானா வந்து ஏறுது. முன்னப்பின்ன பழகினது மாதிரி"ன்னு ஆச்சரியப்பட்டார். எவ்வளவு அனுபவம் பாருங்க, அவரே ஆச்சரியப்படறார்.

வீடு பார்க்கப் போன அன்னைக்குக் கூகைப்பட்டி கழுவி விட்ட மாதிரி இருந்தது. அத்தை தென்னை மரத்தை எல்லாம் அண்ணாந்து பார்த்தாங்க. மறு பேச்சு இல்லை. தையில் கல்யாணம்னு வெத்திலை மாத்தியாச்சு. சாயங்காலம் கேட் பூட்டறதுக்குள்ளே ஊர் திரும்பி, அத்தை கைகால் கழுவப் போனால், குழாய் திறந்து கிடக்குது. பாதிவாலன் தொட்டி மேல உட்கார்ந்திருக்கிறான்.

"காட்டுல விட்டா இதுங்க குட்டி போட்டுப் பெருகிருது போல"ன்னாங்க அத்தை. நானும் அப்படித்தான் நினைச்சேன்.

இடது பக்கம் பாருங்க, மூங்கில் ஆடுதே. யானையாத்தான் இருக்கும். டிரைவர் அண்ணா, கொஞ்சம் மெதுவா. போயிட்டார். அவருக்கு யானைன்னா ஆகாது.

கல்யாணத்துக்கு வருவோம். காலையில் முகூர்த்தம் எங்க தொட்டிக்கல்பாளையம் கோயிலில். சாயங்காலம் பெண்ணையும் சீரையும் வண்டியில் ஏத்திக்கிட்டுக் கூகைப்பட்டி போய் விருந்து. ஒரே நாளில் ரெண்டு ஊரிலும் குரங்கு இருக்கக்கூடாது. நினைச்சுப் பாருங்க என் நிலைமையை. காலையில் இங்கே இருந்தால் அம்மா எழுந்து போயிடுவாங்க. சாயங்காலம் அங்கே இருந்தால் அத்தை பெண்ணைத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடுவாங்க. சொன்னால் செய்யறவங்க.

முந்தின நாள் கூண்டை ஏத்திக்கிட்டு மாசிலாமணி அண்ணன் என்கிட்ட வந்து தலையைச் சொறிஞ்சார்.

"இந்தத் தடவை எங்க விடட்டும் அம்மிணி?"

"இதென்னண்ணா கேள்வி. எப்பவும் விடற எடத்துலதான்."

"எப்பவும் விடற எடம்னா, அது ரெண்டாச்சே."

பாவம். காட்டுக்குள்ளே எல்லா இடமும் ஒரே மாதிரித்தானே இருக்கும், குழப்பம் வரத்தானே செய்யும். "ரெண்டுக்கும் நடுவுல விடுங்க"ன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டு, "யோசனை உனக்குத்தான் அம்மிணி"ன்னு போனார். நடுவில்னா அந்தத் துரை பங்களாதான்.

காலையில் தாலி கட்டியாச்சு. மணி அடிச்சும் ஒரு குரங்கு வரலை. நான் சாமியை மூணு தடவை சுத்தினேன். மத்தியானம் வேனைக் கிளப்பினோம். பெண், மாப்பிள்ளை, அத்தை, நான், சீர்த்தட்டுகள். ஆப்பிள், வாழைத்தார், லட்டு, அதிரசம், எல்லாம் கோபுரமா அடுக்கி, கண்ணாடிப் பேப்பர் சுத்தி, ரிப்பன் கட்டி, எங்க அத்தை ஒரு வாரம் கண் முழிச்ச வேலை. அம்மா மாப்பிள்ளை வீட்டில் ஆரத்தி கரைச்சு வைக்கணும்னு முன்னாடியே போயிட்டாங்க.

அன்னைக்குப் பார்த்துப் பங்களாவில் பூங்காவுக்கு ஆண்டு விழா. பந்தல், மைக், பெரிய அதிகாரி ஒருத்தர். 'விலங்குகளை அவற்றின் இடத்தில் வாழ விடுவோம்'னு பேனர். எங்க வேனை ஓரம் கட்டச் சொன்னாங்க. அந்த அதிகாரி பார்க்கிறார்ங்கறதுக்காக ஒரு காவலர் வந்து வேனுக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதென்ன, அத்தனையும் பிளாஸ்டிக்கா? தேசியப் பூங்காக்குள்ள பிளாஸ்டிக் கொண்டு போகக்கூடாதும்மா. எல்லாத்தையும் பிரிங்க."

"சீருங்க. சீரைப் பாதி வழியில பிரிக்கக்கூடாது"ன்னாங்க அத்தை.

"காட்டு மிருகம் தின்னுட்டா செத்துருங்க. மிருகத்தோட நன்மைக்குத்தான் சொல்றோம்."

பிரிச்சோம். ஒரு தட்டு விடாமல் பிரிச்சு, பேப்பரைச் சுருட்டி அவர் கையில் குடுத்தோம். ஆப்பிள் பளபளன்னு, லட்டு மஞ்சளா, நெய் வாசம் காடு பூரா. பங்களா ஓட்டு மேல யாரோ எழுந்து நின்னாங்க. கழுத்தில் பச்சைப் பேண்ட்.

அதுக்கப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்ல. காவலர் முதலில் ஓடினார். அதிகாரி மைக்கில் "நமது நண்பர்களான வன உயிர்கள்"னு சொல்லிக்கிட்டு இருந்தவர், பாதியில் காரில் ஏறினார். கேட் பூட்டற நேரம் நெருங்குது. டிரைவர் வேனை எடுத்துட்டார். உள்ளே நாங்க, கூரை மேல அதுங்க. பிரவீணா சிரிக்கிறாள் அக்கா. கல்யாணப் பொண்ணு, தாலி ஈரம் காயலை, லோகு தோளில் சாய்ஞ்சு வாய்விட்டுச் சிரிக்கிறாள். அத்தை காலித் தட்டை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கறாங்க. அதுதான் எனக்குப் பயம்.

கூகைப்பட்டியில் அம்மா வாசலில் ஆரத்தித் தட்டோட நிற்கிறாங்க. வேன் நின்னதும் முதலில் இறங்கினவன் பாதிவாலன், கையில் அதிரசம். அம்மாவுக்குக் கண் கொஞ்சம் மங்கல். ஆரத்தியை ரெண்டு சுத்து சுத்திட்டாங்க.

"குரங்கே இல்லாத ஊருன்னு சொன்னீங்களே சம்பந்தி"ன்னாங்க அத்தை.

"இல்லாமத்தான் இருந்துச்சு. உங்க வண்டியில வந்து எறங்குது பாருங்க"ன்னாங்க அம்மா.

ரெண்டு பேரும் பாதிவாலனைப் பார்த்தாங்க. பார்த்துட்டு, முன்னப்பின்ன தெரியாதவனைப் பார்த்த மாதிரி ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. தெரியாதுதானேங்க அவங்களுக்கு.

"ஏறு பிரவீணா வண்டியில. வீட்டுக்குப் போலாம்"னாங்க அத்தை.

எனக்கு உசுரே போச்சு. லோகு தலையைக் குனிஞ்சு நிற்கிறான். பிரவீணா சிரிப்பு நின்னு போச்சு. அப்போ டிரைவர் சொன்னார், "எங்கங்க போறது? கேட் பூட்டியாச்சு. விடிஞ்சாத்தான்."

ஒரு ஃபாரஸ்ட் கேட்டைப் பார்த்து நான் கும்பிட்டது அன்னைக்குத்தான்.

போக வழியில்லைன்னதும் இருந்துதானே ஆகணும். இருந்தால் சாப்பிட்டுத்தானே ஆகணும். பந்தியில் மிச்சமிருந்ததைக் காப்பாத்தணும்னு அத்தை ஒரு பக்கம் விளக்குமாறு, அம்மா ஒரு பக்கம் கரண்டி. ரெண்டு பேரும் சேர்ந்து விரட்டினாங்க. விரட்டிக்கிட்டே முதலில் குரங்கைத் திட்டினாங்க, அப்புறம் ஃபாரஸ்ட்காரங்களைத் திட்டினாங்க, அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டு, ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டினாங்க. அரை மணி நேரம், ஒரு வார்த்தை முட்டாமல், ஒருத்தர் விட்ட இடத்தில் இன்னொருத்தர் எடுத்துக் குடுத்து. அப்படி ஒரு ஒற்றுமை. அந்த நிமிசம்தான் அக்கா சம்பந்தம் உறுதியாச்சு. விடிஞ்சு கேட் திறந்தபோது அத்தை தனியாத்தான் வண்டி ஏறினாங்க. மாசிலாமணி அண்ணன் பந்தியில் ரெண்டாவது பாயசம் வாங்கிக்கிட்டு, "எனக்கு ரெண்டு வீடும் ஒண்ணுதான்"னார். யாருக்கு வரும் அந்த மனசு.

இப்போ நான் எங்கே போறேன்கறீங்க? பிரவீணாவுக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு. வளையல் போட்டு, பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு அழைச்சுட்டு வரணும். அத்தை நேத்தே போயிட்டாங்க. பிள்ளைத்தாச்சி வர்ற ஊரில் குரங்கு இருக்கலாமா? கல்யாணம் முடிஞ்ச வாரமே தொட்டிக்கல்பாளையத்துக்குப் புதுசா ஒரு கூட்டம் வந்துடுச்சு, அதைச் சொல்ல மறந்துட்டேன். இன்னைக்குக் காலையில்தான் மாசிலாமணி அண்ணன் வந்து ஒண்ணு விடாமல் பிடிச்சுட்டார். பின்னாடி வருதே தார்ப்பாய் போட்ட டெம்போ, அது அவருதுதான். வழியில் நடுக்காட்டில் விட்டுட்டு, அப்படியே வளைகாப்புச் சாப்பாட்டுக்கு வந்துடறேன்னார். எங்க குடும்பத்தில் ஒரு விசேசம் தவற விடமாட்டார்.

பங்களா தாண்டிட்டோமா? பேச்சில் கவனிக்கலை. உங்களுக்குத் துரை போட்டோவைக் காட்டணும்னு இருந்தேன். அதோ பாருங்க செக்போஸ்ட், காடு முடிஞ்சுது. ஒரு மிருகமும் பார்க்கலைன்னு மனசு விட்டுடாதீங்க அக்கா, எங்க கூகைப்பட்டியில் இறங்குங்க, சாப்பிட்டுட்டு மத்தியான வண்டிக்குப் போகலாம். கண்டிப்பா ஏதாவது வரும். எங்க வீட்டில் எது நடந்தாலும் எப்படித்தான் மோப்பம் பிடிக்குதுங்களோ, நாங்க இலை போடறதுக்குள்ளே கூரையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

டெம்போவா? ஆமாம், இன்னமும் பின்னாடியேதான் வர்றார். எங்கேயோ நிறுத்தி விட்டுட்டு வந்திருப்பார், வேகமா வேலை செய்யறவர். நீங்க கவனிச்சீங்களா, எப்போ நிறுத்தினார்னு? நானும் கவனிக்கலை.

தார்ப்பாய் ஆடுதா? காத்துங்க அக்கா. எங்க ஊர்ப் பக்கம் எப்பவுமே காத்து ஜாஸ்தி.